இறந்து 77 ஆண்டுகள் கழித்து ‘நம்பர் 1’ ஆன வீரர்: பேஸ்பால் சாதனைப் பட்டியல் திடீரென மாறியது ஏன்?

அமெரிக்க பேஸ்பாலில் ‘எல்லா காலத்துக்குமான சிறந்த பேட்டிங் சராசரி’ யாருடையது என்று கேட்டால், பல தலைமுறைகளாக ஒரே பதில்தான்: டை காப். 1905 முதல் 1928 வரை ஆடியவர். சராசரி 0.367. பள்ளிப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்லும் எண் அது.

2024 மே மாத இறுதியில் அந்தப் பதில் மாறிவிட்டது. இப்போது பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஜோஷ் கிப்சன். சராசரி 0.372.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், கிப்சன் புதிதாக ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. அவர் இறந்தது 1947 ஜனவரியில். உயிரோடு இருந்தவரை ‘மேஜர் லீக்’ எனப்படும் முதல்தர பேஸ்பாலில் ஒரே ஒரு ஆட்டம்கூட ஆட அவரை விடவில்லை. காரணம், அவர் கறுப்பினத்தவர்.

அப்படியென்றால் 77 வருஷம் கழித்து அவர் எப்படி முதலிடத்துக்கு வந்தார்? இது நியாயமா, இல்லை வரலாற்றைத் திருத்தும் வேலையா? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், 0.372 என்றால் என்ன?

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எண் குழப்பமாக இருக்கும். கிரிக்கெட்டில் சராசரி 50 என்றால் பெரிய பேட்ஸ்மேன். இங்கே ஒன்றுக்கும் கீழே இருக்கிறதே?

கணக்கு வேற. பேஸ்பாலில் ஒரு பேட்டர் அடிக்க முயன்ற தடவைகளில், எத்தனை தடவை தன் அடியால் பத்திரமாக ஒரு பேஸைச் சென்றடைந்தார் என்பதுதான் பேட்டிங் சராசரி. அதாவது 1,000 முயற்சிகளில் 372 தடவை வெற்றி என்றால் 0.372. பிட்சர் நான்கு பந்துகளைத் தவறாக வீசியதால் இலவசமாகக் கிடைக்கும் பேஸ் இந்தக் கணக்கில் வராது.

10 முயற்சியில் 3 வெற்றி, அதாவது 0.300 என்றாலே அவர் நட்சத்திர வீரர். வாழ்நாள் முழுக்க 0.350-க்கு மேல் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் 0.367-ல் இருந்து 0.372-க்குப் போன இந்தச் சின்ன வித்தியாசம் அமெரிக்காவில் தலைப்புச் செய்தி ஆனது.

யார் இந்த ஜோஷ் கிப்சன்?

1911 டிசம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். வளர்ந்ததும் புகழ்பெற்றதும் பிட்ஸ்பர்க் நகரில். ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் ஆகிய இரண்டு கறுப்பின அணிகளின் நட்சத்திரம். ஆட்டத்தில் அவர் கேட்சர், அதாவது கிரிக்கெட் விக்கெட் கீப்பர் போல பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர். முழங்காலை மடக்கி ஆட்டம் முழுக்க உட்கார வேண்டிய கடினமான இடம். அதைச் செய்துகொண்டே அவர் அடித்த அடிகள்தான் அவரைப் பற்றிய கதைகளாகப் பரவின.

வெள்ளையர் பத்திரிகைகள் அவரை ‘கறுப்பு பேப் ரூத்’ என்றன. அவருடைய ரசிகர்களோ, பேப் ரூத்தைத்தான் ‘வெள்ளை ஜோஷ் கிப்சன்’ என்று சொல்ல வேண்டும் என்றார்கள்.

1943-ல் அவருக்கு மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. அதே ஆண்டு அவர் வைத்த சராசரி 0.466. ஒரே சீசனில் எடுக்கப்பட்ட மிக உயர்ந்த சராசரியாக இப்போது அதிகாரப்பூர்வ பட்டியலில் இருப்பது இதுதான். இதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது, 1894-ல் ஹியூ டஃபி எடுத்த 0.440.

1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில் கிப்சன் காலமானார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார். மேஜர் லீக்கின் நிறத்தடை உடைந்தது. அதைப் பார்க்க கிப்சன் இல்லை.

பிட்ஸ்பர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் 1975 வரை ஒரு பெயர்ப் பலகைகூட இருக்கவில்லை.

கறுப்பினத்தவருக்கு எதற்குத் தனி லீக்?

பலரும் நினைப்பதுபோல், ஆரம்பத்திலிருந்தே கறுப்பினத்தவர் முழுமையாகத் தடுக்கப்பட்டிருக்கவில்லை. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. பிறகுதான் மூடப்பட்டது.

1884-ல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின கேட்சர், டொலிடோ அணிக்காக அன்றைய மேஜர் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் அசோசியேஷனில் 42 ஆட்டங்கள் ஆடினார். அவருடைய தம்பி வெல்டியும் சில ஆட்டங்கள் ஆடினார்.

அதற்கு முந்தைய ஆண்டே, அன்றைய சூப்பர் ஸ்டார் கேப் ஆன்சன், வாக்கர் இருக்கும் அணியோடு ஆட மாட்டேன் என்று முரண்டுபிடித்தார். அன்று அவர் நினைத்தது நடக்கவில்லை. ஆனால் காற்று அவர் பக்கம்தான் வீசியது. 1887 ஜூலையில் இன்டர்நேஷனல் லீக் என்ற லீக்கின் உரிமையாளர்கள், இனி கறுப்பின வீரர்களுக்குப் புதிய ஒப்பந்தம் கிடையாது என்று வாக்களித்தார்கள்.

மேஜர் லீக்கில் இப்படி எழுத்தில் ஒரு விதி போடப்படவே இல்லை. ‘கனவான்கள் ஒப்பந்தம்’ என்று அதைச் சொல்வார்கள். பேசாமலே எல்லோரும் கடைப்பிடித்த தடை. அது அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது.

சரி, ஆடத் தெரிந்த கறுப்பின வீரர்கள் எங்கே போவார்கள்? தங்களுக்கான அணிகளை அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள். 1920 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியில் கூடிய கூட்டத்தில், ரூப் ஃபாஸ்டர் என்ற முன்னாள் பிட்சரின் தலைமையில் ‘நீக்ரோ நேஷனல் லீக்’ பிறந்தது. பிறகு இதுபோன்ற லீக்குகள் பல வந்தன, சில மறைந்தன. ‘நீக்ரோ’ என்ற சொல் இன்று இழிவாகக் கருதப்படுகிறது. ஆனால் அந்த லீக்குகளின் வரலாற்றுப் பெயர் அது என்பதால், ‘நீக்ரோ லீக்ஸ்’ என்றே இப்போதும் குறிப்பிடுகிறார்கள்.

அப்போ ‘முதல் கறுப்பின வீரர்’ ராபின்சன் இல்லையா?

இங்கேதான் ‘முதல்’ என்ற சொல்லே சிக்கலாகிறது.

1947 ஏப்ரல் 15, ராபின்சனின் நாள். ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தேதியில் மேஜர் லீக்கின் எல்லா வீரர்களும் அவருடைய 42 என்ற எண் பொறித்த சட்டையை அணிகிறார்கள். ஆனால் அவருக்கு 63 ஆண்டுகள் முன்பே வாக்கர் ஆடியிருக்கிறார்.

வாக்கர்தான் முதலா? அதிலும் ஒரு கேள்வி உண்டு. 1879 ஜூன் 21 அன்று, பிராவிடன்ஸ் கிரேஸ் அணிக்காக வில்லியம் எட்வர்ட் வைட் என்ற கல்லூரி மாணவர் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். அவருடைய தாய் அடிமையாக இருந்த பெண், தந்தை அவரை அடிமையாக வைத்திருந்த வெள்ளையர் என்பதை, 2000-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களிலிருந்து கண்டுபிடித்தார்கள். ஆனால் வைட் தன்னை வெள்ளையராகவே காட்டிக்கொண்டு வாழ்ந்தவர்.

ஆக, பிறப்பை வைத்துப் பார்த்தால் முதலாமவர் வைட். வெளிப்படையாகக் கறுப்பினத்தவராக ஆடியதில் முதலாமவர் வாக்கர். மூடிய கதவை மீண்டும் திறந்ததில் முதலாமவர் ராபின்சன். மூன்றுமே சரியான பதில்கள். கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து பதில் மாறுகிறது.

1969-ல் வரைந்த கோடு

பேஸ்பாலில் ‘எந்த லீக் மேஜர் லீக்’ என்பது ஆரம்பத்திலிருந்தே தெளிவாக இருந்த விஷயம் அல்ல.

முழு அணிக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணி, 1869-ன் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். 10 வீரர்களுக்கு மொத்தச் சம்பளம் 9,300 டாலர். அந்த ஆண்டு அவர்கள் தோற்கவே இல்லை. 1870 ஜூனில் புரூக்ளினில் 8-7 என்று தோற்றபோதுதான் அந்த ஓட்டம் நின்றது. முதல் தொழில்முறை லீக் ஆட்டம் 1871 மே 4 அன்று ஃபோர்ட் வேய்ன் நகரில் நடந்தது. உள்ளூர் அணி கிளீவ்லாந்தை 2-0 என வென்றது. இன்றும் இருக்கும் நேஷனல் லீக் தொடங்கியது 1876-ல்.

இப்படிப் பல லீக்குகள் வந்துபோனதால், எதையெல்லாம் அதிகாரப்பூர்வ சாதனைக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவெடுக்க 1969-ல் ஒரு சிறப்புக் குழு அமைக்கப்பட்டது. அப்போது வெளிவரவிருந்த பிரம்மாண்டமான பேஸ்பால் கலைக்களஞ்சியத்துக்கு ஒரே கணக்கு தேவைப்பட்டது.

அந்தக் குழு 6 லீக்குகளுக்கு ‘மேஜர்’ அந்தஸ்து கொடுத்தது. 1871-ல் தொடங்கிய அந்த முதல் லீக்குக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. அதன் அட்டவணையும் நிர்வாகமும் ஒழுங்காக இல்லை என்று காரணம் சொன்னார்கள்.

ஆனால் 1884-ல் ஒரே ஒரு சீசன் மட்டும் நடந்து மூடப்பட்ட யூனியன் அசோசியேஷனுக்கு இடம் கிடைத்தது. அந்த லீக்கில் செயின்ட் லூயிஸ் அணி 94 வெற்றி, 19 தோல்வி என்று எதிரிகளே இல்லாத மாதிரி ஜெயித்தது. ஆல்டூனா என்ற அணி 25 ஆட்டங்களோடு கடையைக் கட்டியது. அந்த 25 ஆட்டங்களும் ‘மேஜர் லீக்’ சாதனைக் கணக்கில் உண்டு.

நீக்ரோ லீக்ஸ்? அவை நிராகரிக்கப்படக்கூட இல்லை. பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இந்தக் கதையின் மையமே இதுதான். கிப்சன் அடித்தது மாறவில்லை. எதை எண்ணுவது என்று முடிவு செய்பவர்கள்தான் மாறினார்கள்.

இப்போ எப்படி கணக்கில் சேர்த்தாங்க?

இரண்டு கட்டங்களாக நடந்தது.

முதல் கட்டம் 2020 டிசம்பர். நீக்ரோ நேஷனல் லீக் தொடங்கி நூறாண்டு நிறைந்த அந்த ஆண்டில், 1920 முதல் 1948 வரை ஆடப்பட்ட 7 நீக்ரோ லீக்குகளுக்கு மேஜர் லீக் அந்தஸ்து வழங்குவதாக எம்.எல்.பி. நிர்வாகம் அறிவித்தது. நீண்டகாலப் புறக்கணிப்பைச் சரிசெய்வதாகச் சொன்னது.

இரண்டாம் கட்டம் 2024 மே. அந்தப் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வ பட்டியலோடு இணைக்கப்பட்டன. 2,300-க்கும் மேற்பட்ட வீரர்களின் கணக்கு சேர்ந்தது. எம்.எல்.பி.யின் அதிகாரப்பூர்வ வரலாற்றாசிரியர் ஜான் தோர்ன் தலைமையிலான குழு இதை மேற்பார்வையிட்டது.

இடையில் ஏன் மூன்றரை வருஷம்? ஏனென்றால் கணக்கு ஒரே இடத்தில் இல்லை. அந்த நாட்களில் வெள்ளையர் பத்திரிகைகள் இந்த ஆட்டங்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் வெளியிட்டன. ஆனால் அவை பெரும்பாலும் வார இதழ்கள். இடம் குறைவு. ஒரு ஆட்டத்துக்கு முழு ஸ்கோர் அட்டை இருக்கும், இன்னொன்றுக்கு வெறும் முடிவு மட்டும் இருக்கும்.

சீம்ஹெட்ஸ் என்ற தரவுத்தளத்தை நடத்தும் ஆர்வலர்கள், பல ஆண்டுகளாக நூலகங்களில் உட்கார்ந்து, மைக்ரோஃபிலிம்களை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு ஆட்டமாகச் சேகரித்ததுதான் இந்த மொத்த வேலைக்கும் அடித்தளம். அவர்களில் பலர் சம்பளத்துக்காகச் செய்தவர்கள் அல்ல.

2024 அறிவிப்பின்போது, 1920 - 1948 காலத்தின் பதிவுகளில் சுமார் 72 சதவீதம் கிடைத்துவிட்டதாக மதிப்பிடப்பட்டது. மீதி இன்னும் தேடலில் இருக்கிறது.

யாருடைய கணக்கு எப்படி மாறியது?

- ஜோஷ் கிப்சன்: வாழ்நாள் சராசரியில் முதலிடம், 0.372. ஒவ்வொரு அடியின் வலிமையையும் அளக்கும் ‘ஸ்லக்கிங்’ சராசரியிலும் முதலிடம், 0.718. அதில் அதுவரை முதலிடத்தில் இருந்த பேப் ரூத்தின் எண் 0.690.

- சாட்செல் பேஜ்: மேஜர் லீக்கில் 42 வயதில்தான் அறிமுகமான பிட்சர். அதனால் அவர் பெயரில் வெறும் 28 வெற்றிகள்தான் இருந்தன. இப்போது 125.

- ஜாக்கி ராபின்சன்: 1945-ல் கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்காக எடுத்த 49 ஹிட்கள் சேர்ந்து, 1,518 என்பது 1,567 ஆனது.

- வில்லி மேஸ்: 1948-ல் பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் அணிக்காக, பதின்ம வயதில் எடுத்த 10 ஹிட்கள் சேர்ந்து, 3,283 என்பது 3,293 ஆனது.

இதில் மேஸ் மட்டும் அந்தச் செய்தியை உயிரோடு இருந்து கேட்டார். அறிவிப்பு வந்து மூன்று வாரங்களில், 2024 ஜூன் 18 அன்று 93 வயதில் அவர் காலமானார். இரண்டு நாள் கழித்து, அவர் பதின்ம வயதில் ஆடிய அதே பர்மிங்காம் ரிக்வுட் மைதானத்தில், நீக்ரோ லீக்ஸைக் கௌரவிக்கும் மேஜர் லீக் ஆட்டம் நடந்தது.

எதிர்ப்பாளர்கள் சொல்வது என்ன?

விமர்சனங்களை ஒதுக்கிவிட முடியாது. முக்கியமானவை மூன்று.

ஒன்று, ஆட்டங்களின் எண்ணிக்கை. டை காப் 24 சீசன்களில் 11,000-க்கும் மேல் முயற்சிகள் எடுத்து அந்தச் சராசரியை வைத்தவர். கிப்சனின் கணக்கில் இருப்பது 2,000-க்குச் சற்று மேல். குறைவான ஆட்டங்களில் உயர்ந்த சராசரி வைப்பது எளிது, இரண்டையும் ஒரே தராசில் போடலாமா என்று கேட்கிறார்கள்.

இதற்குப் பதிலும் இருக்கிறது. நீக்ரோ லீக்ஸ் சீசன்களில் லீக் ஆட்டங்கள் குறைவு. ஆனால் வீரர்கள் குறைவாக ஆடவில்லை. லீக் ஆட்டங்களால் மட்டும் அணிகள் பிழைக்க முடியாததால், ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் உள்ளூர் அணிகளோடு ஆடிக் காசு சேர்த்தார்கள். அந்த ஆட்டங்கள் எதுவும் கணக்கில் இல்லை. இன்னொன்று, கொரோனா காலத்தில் 2020 மேஜர் லீக் சீசன் வெறும் 60 ஆட்டங்களோடு முடிந்தது. அதை யாரும் கணக்கிலிருந்து நீக்கவில்லை.

இரண்டு, போட்டியின் தரம். எல்லா நீக்ரோ லீக்ஸ் அணிகளும் ஒரே தரத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் அதே அளவுகோலில் பார்த்தால், 1947-க்கு முன் டை காப்பும் பேப் ரூத்தும்கூட நாட்டின் சிறந்த பிட்சர்கள் எல்லோரையும் சந்திக்கவில்லை. சாட்செல் பேஜ் போன்றவர்களுக்கு எதிராக லீக் ஆட்டத்தில் அவர்கள் பேட் பிடிக்க நேர்ந்ததே இல்லை. குறை இரண்டு பக்கமும் இருக்கிறது.

மூன்று, இது வேறு திசையிலிருந்து வரும் விமர்சனம். நீக்ரோ லீக்ஸ் தன் சொந்தக் காலில் நின்ற அமைப்பு. அவர்களைப் பூட்டி வைத்த அதே நிர்வாகம், இப்போது ‘உங்களுக்கு அந்தஸ்து தருகிறோம்’ என்று சொல்வது யாருக்குப் பெருமை சேர்க்கிறது என்பது அந்தக் கேள்வி. ராபின்சனுக்குப் பிறகு மேஜர் லீக் அணிகள் சிறந்த கறுப்பின வீரர்களை எடுத்துக்கொண்டன. பல நேரங்களில் அவர்களை வளர்த்த அணிகளுக்கு உரிய பணம்கூடப் போகவில்லை. ரசிகர்களும் வீரர்களோடு போனார்கள். கறுப்பினத்தவர் நடத்திய ஒரு தொழிலே படிப்படியாக அழிந்தது. எண்களைச் சேர்ப்பதால் அந்த நஷ்டம் ஈடாகிவிடாது.

பழைய சாதனைகள் மாறவே மாறாதா?

‘கல்வெட்டில் எழுதியதை மாற்றலாமா?’ என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் கல்வெட்டு ஏற்கெனவே பலமுறை திருத்தப்பட்டதுதான்.

1887-ல் ஒரு வருஷம் மட்டும், இலவச பேஸையும் ஹிட்டாக எண்ணினார்கள். அந்தக் கணக்கில் டிப் ஓ’நீல் என்ற வீரரின் சராசரி 0.492. பிறகு இலவச பேஸ்களைக் கழித்ததும் அது 0.435 ஆனது.

1884-ல் பிட்சர் சார்லஸ் ராட்போர்ன் ஒரே சீசனில் பெற்ற வெற்றிகள் 59-ஆ, 60-ஆ என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் வித்தியாசம் உண்டு.

எல்லாவற்றையும்விடச் சுவாரசியமானது, டை காப்பின் சொந்தக் கணக்கு. 1910-ல் பேட்டிங் பட்டத்துக்கு அவருக்கும் நாப் லாஜ்வேக்கும் கடும் போட்டி. வென்றவருக்கு ஒரு சால்மர்ஸ் கார் பரிசு. கடைசி நாளில், காப்பைப் பிடிக்காத எதிரணி வேண்டுமென்றே பின்னால் நின்று லாஜ்வேக்கு வழிவிட்டது. அவர் ஒரே நாளில் 8 ஹிட் எடுத்தார். கடைசியில் காப் 0.385, லாஜ்வே 0.384 என்று அறிவித்தார்கள். கார் கம்பெனி இருவருக்கும் கார் கொடுத்து விஷயத்தை முடித்தது.

70 ஆண்டுகள் கழித்து, 1981-ல் ஒரு தவறு வெளியே வந்தது. அந்த ஆண்டு காப் ஆடிய ஒரு ஆட்டம் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. அதைக் கழித்தால் பட்டம் லாஜ்வேக்கு. காப்பின் வாழ்நாள் ஹிட்களும் 4,191-லிருந்து 4,189 ஆகக் குறையும். அன்றைய கமிஷனர் போவி குன் மாற்ற மறுத்துவிட்டார்.

அதன் விளைவு? 1985 செப்டம்பர் 11 அன்று பீட் ரோஸ் 4,192-வது ஹிட் எடுத்தபோது ‘காப்பின் சாதனை முறியடிப்பு’ என்று நாடே கொண்டாடியது. திருத்திய கணக்குப்படி, அந்தச் சாதனை மூன்று நாள் முன்பே சிகாகோவில் உடைந்துவிட்டது. அன்று மைதானத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியாது.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான்

இது பேஸ்பாலின் பிரச்சினை மட்டும் இல்லை. 1877-ல் மெல்போர்னில் நடந்ததை ‘முதல் டெஸ்ட்’ என்கிறோம். ஆடியவர்களுக்கு அது முதல் டெஸ்ட் என்று தெரியாது. பல ஆண்டுகள் கழித்துப் பட்டியல் போட்டவர்கள் கொடுத்த பெயர் அது.

1970-ல் இங்கிலாந்து, உலக லெவன் அணியோடு ஆடிய தொடரை முதலில் டெஸ்ட் என்றே சொன்னார்கள். பிறகு அந்த அந்தஸ்து பறிக்கப்பட்டது. அதில் ஒரே ஒரு ஆட்டம் மட்டும் ஆடிய ஆலன் ஜோன்ஸ், டெஸ்ட் வீரர் என்ற பெயரையே இழந்தார். 50 ஆண்டுகள் கழித்து 2020-ல்தான் இங்கிலாந்து வாரியம் அவருக்கு 696 என்ற தொப்பி எண்ணை வழங்கியது.

இத்தோடு முடிந்ததா?

இல்லை. 1948-க்குப் பிறகான நீக்ரோ லீக்ஸ் ஆட்டங்கள் சேர்க்கப்படவில்லை. சிறந்த வீரர்கள் மேஜர் லீக்குக்குப் போனபின் தரம் குறைந்துவிட்டது என்பது காரணம். அதனால் 1952-ல் இண்டியானாபோலிஸ் கிளவுன்ஸ் அணியில் தொடங்கிய ஹாங்க் ஆரோனின் கணக்கில் மாற்றம் இல்லை. 1953-ல் அதே அணியில் ஆண்களோடு சேர்ந்து ஆடிய டோனி ஸ்டோன் என்ற பெண் வீரரும் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறார். 1920-க்கு முன்பு ஆடியவர்களும் அப்படித்தான்.

கிப்சனின் ஹோம் ரன்களும் ஒரு உதாரணம். ஹால் ஆஃப் ஃபேமில் உள்ள அவருடைய பட்டயம், எல்லா வகை ஆட்டங்களையும் சேர்த்து கிட்டத்தட்ட 800 என்கிறது. அதிகாரப்பூர்வ பட்டியலில் இருப்பதோ 200-க்கும் கீழே. நிரூபிக்க முடிந்த லீக் ஆட்டங்களில் அடித்தவை மட்டுமே அதில் உண்டு. ஆக, இந்தப் பட்டியல் யாருக்கும் தாராளமாக அள்ளிக் கொடுக்கவில்லை. ஆதாரம் இருந்தால்தான் எண்.

வில்லி மேஸுக்கும் அதே விதிதான். 1948-ல் பர்மிங்காம் அணிக்காக அவர் ஒரு ஹோம் ரன் அடித்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த ஆட்டத்தின் முழு ஸ்கோர் அட்டை கிடைக்காததால், அது சேர்க்கப்படவில்லை. அவர் கணக்கு 660-லேயே நிற்கிறது.

ஆய்வாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு நூலகத்தில், யார் வீட்டுப் பரணிலோ, 1948-ன் பத்திரிகைத் தாள் ஒன்று கிடைத்தால், அது 661 ஆகும்.